முழங்கால் தண்ணி

2018 ஓகஸ்டில் பத்து நாள் நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். சம்பளம் இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து சபை மண்டப வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற என் தோளில் போதகர் ஐயா கை வைத்தார். "தம்பி, கனடாவில இருந்து ஒரு சபைக் குழு வருது. பதினாலு பேர். உமக்கும் பள்ளிக்கூட லீவுதானே" என்றார். நான் ஆங்கில ஆசிரியர். திருகோணமலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறவனுக்கு இந்த மாதிரி வேலைகள் தேடாமலே வந்து சேரும். விசாப் படிவம் நிரப்புவது, வங்கிக் கடிதத்தை வாசித்துச் சொல்வது, வெள்ளைக்காரர் வந்தால் கூடப் போவது. சரி என்றேன்.

அந்தப் பத்து நாளில் நான் சொன்ன பொய்களைப் பிறகு ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். முக்கால்வாசி யாருக்கும் கேடில்லாதவை. ஒன்று மட்டும் ஒரு கிணற்றைக் கெடுத்தது.

வந்தவர்கள் நல்ல மனிதர்கள். இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். இப்படியான கட்டுரைகளில் வெள்ளைக்காரரைக் கேலி பண்ணுவது சுலபம், வாசிக்கிறவர்களுக்கும் ருசிக்கும். ஓய்வுபெற்ற தாதி ஒருவர், குழாய் வேலை செய்கிற ஒருவர், பல்கலைக்கழகம் போகக் காத்திருந்த பிள்ளைகள் ஆறு பேர், மிச்சம் பேர் கணவன் மனைவியராக. பயணக் காசுக்காக ஒரு வருஷமாக கேக் செய்து விற்றார்களாம், ஞாயிற்றுக்கிழமைகளில் கார் கழுவினார்களாம். நுளம்புக் கடிக்கும் உறைப்புக்கும் முகம் சுளிக்காமல் இருந்தார்கள். அவர்களோடு ஒரு தமிழ்ப் பிள்ளையும் வந்திருந்தாள். பத்தொன்பது வயது, தாய்க்கு யாழ்ப்பாணம், பிள்ளை பிறந்து வளர்ந்தது கனடாவில். "எனக்குத் தமிழ் வராது" என்பதை மட்டும் பிசகில்லாத தமிழில் சொன்னாள். மற்றபடி அவளிடம் இருந்தது குசினித் தமிழ்தான். சாப்பிடு, கை கழுவு, சுடுது, உப்பு, புளி, காணும்.

தங்கியது டவுனில், வேலை சம்பூர்ப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்தில். ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறேன். காலை ஆறு மணிக்கு வேன் வெளிக்கிடும். சீனக்குடா தாண்டி, கிண்ணியாப் பாலம் ஏறி, மூதூர் கடந்து அந்தப் பக்கம். 2009-ல் பாலம் திறக்கும் வரைக்கும் கிண்ணியாவில் பாதை என்கிற மிதவைப் படகில்தான் வாகனத்தை ஏற்றிக் கடக்க வேண்டும். இல்லையென்றால் டவுன் இறங்குதுறையில் லோஞ்ச் எடுத்துக் கொட்டியாரக் குடாவைக் குறுக்கே வெட்ட வேண்டும். எனக்கு இன்றைக்கும் மூதூர் என்றால் லோஞ்சின் டீசல் மணம்தான்.

முதல் நாள் மூதூரில் வைத்து அவர்களுக்கு றொபேர்ட் நொக்ஸின் கதையைச் சொன்னேன். புயலில் பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று கொட்டியாரக் குடாவுக்குள் திருத்த வேலைக்காக வந்தது. கண்டி அரசனின் ஆட்கள் நொக்ஸையும் தகப்பனையும் கூட வந்தவர்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அது 1660. தகப்பன் மறு வருஷமே காய்ச்சலில் போய்விட்டார். மகன் தப்பி ஓடியது 1679-ல். பாய்மரம் திருத்த வந்த மனிதன் பத்தொன்பது வருஷம் தங்கினான் என்று சொன்னதும் வேன் முழுக்கச் சிரித்தது. குழுத்தலைவர், "நாங்கள் பத்து நாளில் போய்விடுவோம், பயப்படாதீர்கள்" என்றார். நல்ல மனிதர், பகிடியும் வரும்.

அதே மூதூரில் 2006 ஓகஸ்ட் 4ஆம் திகதி பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை செய்த நம்முடைய பிள்ளைகள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைச் சொல்லவில்லை. வந்த முதல் நாளே எதற்கு என்று நினைத்தேன். சொல்லாமல் விடுவதில் எனக்கு அப்போதே நல்ல பழக்கம் இருந்தது என்று இப்போது படுகிறது.

கிராமத்தின் கதை சம்பூர்ப் பக்கத்து எல்லாக் கிராமங்களின் கதைதான். 2006 ஏப்ரலில் குண்டு விழத் தொடங்கியதும் உடுத்த துணியோடு ஓடியவர்கள். மட்டக்களப்புக்குப் போனார்கள், பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் என்று முகாம் முகாமாக இருந்தார்கள். காணி உயர் பாதுகாப்பு வலயம் ஆனது; அனல் மின்நிலையம் வருகிறது என்றார்கள்; முதலீட்டுக்கென்று 818 ஏக்கரை வர்த்தமானியில் போட்டார்கள். 2015 மே மாதம் அந்த வர்த்தமானி ரத்தானது. திரும்பி வந்தவர்கள் கண்டது வீட்டை அல்ல, வீடு இருந்த இடத்தில் நின்ற பற்றையை. பற்றை வெட்டி, வளவின் எல்லையைத் தென்னைமர அடிக்கட்டைகளை வைத்துக் கண்டுபிடித்தார்கள். அடுத்தது கிணறு.

குழுவுக்குப் போட்ட வேலைகளில் முதலாவது முன்பள்ளிக்கு வர்ணம் பூசுவது. இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. சுவர் வெளிர்நீலம் ஆனது. பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். ஒரு சம்பவம் மட்டும். பூசி முடிந்த சுவரில் கனடாப் பிள்ளைகள் பென்சிலால் பெரிய யானை ஒன்றைக் கீறினார்கள். சிரிக்கிற யானை, தும்பிக்கையில் பூ. பார்த்துக்கொண்டு நின்ற தாய்மார் முகம் மாறியது. அந்தப் பக்கத்தில் யானை கதைப்புத்தக மிருகம் இல்லை. இரவில் வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து வாழையைத் தின்னும், நெல் மூட்டைக்காகச் சுவரை இடிக்கும். ஒரு தாய் என்னிடம் வந்து மெதுவாக, "சேர், யானையை எழுத வேணாமெண்டு சொல்லுங்கோ. நான் இரவு முழுக்கத் தகரம் அடிச்சு விரட்டுறன், இவங்க பகல்ல கூப்பிடுறாங்க" என்றாள். நான் குழுவிடம் திரும்பி, "இவர்களுக்கு மயில் இன்னும் பிடிக்குமாம்" என்றேன். யானை அழிந்து மயில் வந்தது. எல்லாருக்கும் திருப்தி. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இப்படித்தான் பழகிப் போனது. குழுத்தலைவர் ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டு, கண் கலங்க, உங்களிடம் ஒன்றுமே இல்லை, ஆனாலும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறீர்கள் என்றார். அந்த வீட்டுக்காரர் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பிளாஸ்டிக் கதிரையைத்தான் அவருக்குப் போட்டிருந்தார். நுண்கடன்காரன் வரும் செவ்வாய்க்கிழமையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வாடிப் பக்கம் போய் ஒளிக்கிறவர். "நல்லாக் கவனிக்கிறீங்களாம், நன்றி சொல்றார்" என்று மொழிபெயர்த்தேன். வீட்டுக்காரர் பதிலுக்கு, "வள்ளத்துக்கு எஞ்சின் எடுத்துத் தருவாங்களா எண்டு கேளுங்கோ" என்றார். "வந்ததுக்கு நன்றி என்கிறார்" என்றேன். இருவரும் கைகொடுத்தார்கள். யாரோ படம் எடுத்தார்கள்.

இனிக் கிணறு.

ஆச்சிக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். அவருடைய வளவு கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், மணல்மேட்டின் பின்பக்கம். அங்கேதான் அந்தப் பகுதியின் ஒரே நல்ல தண்ணிக் கிணறு இருந்தது. சீமெந்து வளையம் இறக்கியது, பன்னிரண்டு அடி ஆழம்கூட இல்லை. எட்டிப் பார்த்தால் நம் முகம் தெரியும். பதினொரு வீட்டுக்கு அதுதான் குடிதண்ணி. மற்றக் கிணறுகள் குளிக்க, உடுப்புத் தோய்க்க. விடியப்புறம் வீட்டுக்கு இரண்டு குடம், பின்னேரம் ஒரு குடம். மத்தியானத்தில் யாரும் வாளி போடக் கூடாது. "கிணறு ஆற வேணும்" என்பார் ஆச்சி. ஊர் திரும்பிய புதிதில் அந்தக் கிணற்றுக்குள் தகரமும் கல்லும் இரண்டு பாம்பும் கிடந்தனவாம். அவரும் மகனுமாக வாளியால் அள்ளி அள்ளித் துப்பரவாக்க ஒன்பது நாள் எடுத்திருக்கிறது.

குழாய் வேலைக்காரர் கிணற்றைப் பார்த்தார். அடியில் கறுத்த சேறு, வளையத்தில் பாசி. இதைச் சுத்தம் செய்து கொடுத்தால் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வராது என்று சொன்னார். நியாயமான பேச்சு. அவர் வெறும் வாய்ப்பேச்சுக்காரர் இல்லை. முன்பள்ளிக் கழிப்பறையில் ஒரு வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்த குழாயை அரை மணித்தியாலத்தில் திருத்தினார். நான் கடைசியாகப் போனபோதும் அது ஒழுகவில்லை. மறுநாள் டவுனில் இருந்து இரண்டு இஞ்சி நீர்ப்பம்பி ஒன்றையும் குளோரின் தூளையும் கொண்டுவந்தார். பம்பி குழுவின் அன்பளிப்பு, ஊருக்கே.

ஆச்சி திண்ணையிலிருந்து எழும்பி வந்தார். பம்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார். இயன்ற அளவு அப்படியே எழுதுகிறேன்:

"தம்பி, இவங்களுக்குச் சொல்லு. இது மேட்டுக் கிணறு மாதிரி இல்ல. இது மணல் கிணறு. கீழ கடல் கிடக்கு. முழங்கால் தண்ணி விட்டுத்தான் இறைக்க வேணும். சேத்தை வாளியால அள்ளலாம், ஆள் இறங்கி அள்ளட்டும். மெசினைப் போட்டு அடி தெரிய இறைச்சா உப்பு ஏறிடும். ஒருக்கா ஏறினா மாரி பெய்யாம இறங்காது. அம்மா காலத்தில ஒருக்கா நடந்தது, நாலு மாசம் கட்டைபறிச்சானுக்கு நடந்தம் தண்ணிக்கு."

நான் திரும்பினேன். பதினாலு பேரும் நிற்கிறார்கள். பம்பிக்குப் பெற்றோல் ஊற்றியாகிவிட்டது. இரண்டு பையன்கள் சேட்டைக் கழற்றிவிட்டு இறங்கத் தயார். குழாய் வேலைக்காரர் முகத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் ஆவல். வந்த எட்டாவது நாள், உண்மையில் கைவேலை என்று அவருக்கு வாய்த்தது அதுதான். கச்சான் காற்று அனலாக வீசுகிறது. எனக்குப் பசி. படித்தவன் என்ற மண்டைக்கனமும் கொஞ்சம் இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன். கிணற்றைச் சுத்தம் செய்தால் தண்ணி கெடும் என்றால் யார் நம்புவது? பழைய ஆட்களின் பயம் என்று நினைத்தேன்.

"கவனமாக இறைக்கச் சொல்கிறார்" என்றேன்.

தமிழ்ப் பிள்ளை என் பக்கத்தில் நின்றாள். முகத்தைச் சுருக்கி, "உப்பு எண்டு சொன்னவ. சால்ட் எல்லோ? என்ன உப்பு?" என்று ஆங்கிலமும் தமிழுமாகக் கேட்டாள். அவளுக்குத் தெரிந்த இருபது சொல்லில் ஒன்று ஆச்சியின் வாயிலிருந்து வந்திருந்தது.

"சாப்பாட்டைப் பற்றி" என்றேன். "மத்தியானச் சமையல்."

அவள் தலையாட்டினாள். பம்பி ஓடத் தொடங்கியது.

இருபது நிமிஷத்தில் அடி தெரிந்தது. சேற்றை அள்ளினார்கள், வளையத்தைத் தேய்த்தார்கள், ஊறி வந்த தண்ணியை மறுபடி இறைத்தார்கள், குளோரின் போட்டு இன்னும் ஒருமுறை இறைத்தார்கள். பின்னேரம் நாலு மணிக்குக் கிணறு புதுசு போல இருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். ஆச்சி கைதட்டவில்லை. ஆனால் அத்தனை பேருக்கும் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார், காலையில் எடுத்து வைத்திருந்த குடத்துத் தண்ணியில். வேலை செய்த பையன்களுக்கு மட்டும் ஒரு கரண்டி சீனி கூட.

குழு போன நாலாம் நாள் ஆச்சியின் மகன் எனக்குக் கோல் எடுத்தார். "சேர், தண்ணி கரிக்குது."

என்ன நடந்தது என்பதை நீர்வழங்கல் துறையில் இருக்கும் நண்பன் ஒருவன் பேப்பரில் கீறிக் காட்டினான். கடலோர மணலுக்குள் இறங்கும் மழைத்தண்ணி கடல் தண்ணிக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. நல்ல தண்ணி இலேசு, உப்புத் தண்ணி பாரம். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு அது உப்பை அழுத்தி வைத்திருக்கும் என்பது கணக்கு. மேலே அந்த ஓரடியை ஒரே மூச்சில் இறைத்தால் அழுத்தம் போய்விடும்; கிணற்றுக்கு நேர் கீழே உப்புத் தண்ணி கூம்பு மாதிரி எழும்பி வரும். கையால் வாளி போடுகிறவனால் இதைச் செய்யவே முடியாது. மெசினுக்கு இருபது நிமிஷம் போதும். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையெங்கும் இதே பிழையைச் செய்தார்களாம். கடல் புகுந்த கிணறுகளை நல்லெண்ணத்தோடு பம்பி வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள், உப்பு இன்னும் ஏறியது. பிறகுதான் நிறுத்துங்கள், மழை வரட்டும் என்றார்கள். "உன்ர ஆச்சி இதை ஒரு வசனத்தில சொல்லியிருக்கிறா. நாங்க இதுக்கு ரிப்போர்ட் எழுதினம்" என்றான்.

பதினொரு வீட்டுக்கும் பவுசரில் தண்ணி வந்தது. வாரத்துக்கு இரண்டு முறை என்றார்கள், ஒரு முறை வரும். ரோட்டுக்கரையில் நீலத் தாங்கி ஒன்று வைத்தார்கள். அன்பளிப்புப் பம்பி யாரோ ஒருவருடைய தோட்டத்துக்குப் போய் மிளகாய்க்கு இறைத்தது.

இந்தக் கதையை நண்பர்களிடம் சொன்னால் உடனே வருகிற பேச்சு ஒன்று உண்டு. பதினாலு பேருடைய டிக்கெட் காசை அப்படியே அனுப்பியிருந்தால் எவ்வளவு செய்திருக்கலாம் என்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அந்தக் காசு வந்திருந்தால் நாங்கள் இன்னும் பெரிய பம்பி வாங்கியிருப்போம். நடுவில் நின்றவன் நான்தானே, காசு வந்தாலும் நான்தான் நின்றிருப்பேன்.

மிஷனரிமார் என்றால் எல்லாரும் ஒன்று என்றும் நான் நினைக்கவில்லை. மெதடிஸ்தார் 1814-ல் இலங்கையில் வந்து இறங்கினபோது அவர்களை அழைத்து வந்த தோமஸ் கோக் வழியிலேயே கப்பலில் இறந்துபோயிருந்தார். வந்தவர்களுக்கு ஊரும் தெரியாது, பாஷையும் தெரியாது. ஆனால் இருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்கு 1847-ல் வந்த அமெரிக்க வைத்தியர் கிறீன், இடையில் ஊருக்குப் போய் வந்த காலத்தைக் கழித்தாலும், இருபது வருஷத்துக்கு மேல் இங்கே இருந்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார், பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். இருபது வருஷம் இருக்கிற ஆளுக்கு மொழிபெயர்ப்பாளன் பொய் சொன்னால் எப்படியும் பிடிபடுவான். பத்து நாள் ஆட்களிடம் பிடிபடுவதற்கு நேரமே இல்லை. என்னைப் பிடிக்க வந்தது குசினியில் தாயிடம் கேட்ட ஒரே ஒரு சொல், அதையும் நான் மறித்துவிட்டேன்.

அந்தப் பிள்ளைக்கு ஒக்டோபரில் வாட்ஸப்பில் எழுதினேன். முழுவதும் எழுதினேன், மத்தியானச் சமையல் என்று சொன்னதையும். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு ஒரு குரல்பதிவு வந்தது. தாயிடம் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்க வேண்டும், ஒவ்வொரு சொல்லாக வைத்தாள்: "அண்ணா, ஆச்சியிட்ட சொல்லுங்கோ. எனக்குக் கேட்டது. நான் திருப்பிக் கேக்கேல்ல." இதை மட்டும் சொல்லுக்குச் சொல் சேர்ப்பிப்பது என்று முடிவெடுத்தேன்.

மாரி அந்த வருஷம் பிந்தித்தான் வந்தது, ஆனால் வந்தது. பொங்கல் கழிந்த சனிக்கிழமை மோட்டர்சைக்கிளில் போனேன். ஆச்சி திண்ணையில் இருந்து ஓலை பின்னிக்கொண்டிருந்தார். முன்பள்ளிச் சுவரில் மயிலின் தோகையில் பாதி மழையில் கரைந்திருந்தது. பாயில் இருந்து, வந்த விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். நீங்கள் சொன்னதை நான் அவர்களிடம் சொல்லவே இல்லை, ஆச்சி. கவனமாக இறைக்கச் சொல்கிறார் என்று மட்டும்தான் சொன்னேன். அந்தப் பிள்ளை உப்பு என்ன என்று கேட்டவள், அவளுக்கும் பொய் சொன்னேன்.

ஆச்சி ஓலையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்" என்றார். "நான் எவ்வளவு நேரம் நிண்டு சொன்னன். நீ ரெண்டு சொல்லுல முடிச்சுட்டாய். இங்கிலீசு அவ்வளவு கட்டையான பாசை இல்லயே."

"அப்ப ஏன் ஆச்சி பேசாம இருந்தீங்க?"

"பெற்றோல் ஊத்திட்டாங்க. நீயும் முகத்தை அப்பிடி வச்சுக்கொண்டு நிக்கிறாய். வந்த பிள்ளையள், வெயிலுக்க நிக்குதுகள். சரி, மாரி வரும்தானே எண்டு விட்டன்." ஓர் ஈர்க்கை இழுத்து முறித்தார். "அது என்ர பிழை."

அப்படிச் சொல்லாதீங்கோ என்று தொடங்கினேன். அவர் கேட்கவில்லை, எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். நான் குரல்பதிவைப் போட்டுக் காட்டினேன். அடுப்படியில் நின்றபடியே கேட்டார், இன்னொருக்காப் போடச் சொன்னார். "தாய் எந்த ஊர்?" என்றார். யாழ்ப்பாணம் என்றேன். "பேச்சில தெரியுது."

பிளேன்டீயைக் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டு எதிரே குந்தினார்.

"கிணத்துத் தண்ணி. ரெண்டு கிழமையா இதைத்தான் பாவிக்கிறம். குடிச்சுப் போட்டுச் சொல்லு."

குடித்தேன். இஞ்சி போட்டிருந்தார், சீனியும் தாராளம். எல்லாம் தாண்டி அடிநாக்கில் அது நின்றது.

"உப்பு இருக்கு, ஆச்சி" என்றேன்.

"எவ்வளவு?"

"கொஞ்சம்."

"ம்" என்று கோப்பையை என்னிடமிருந்து வாங்கித் தானும் ஒரு மிடறு குடித்தார். "மாசிக்குள்ள போயிடும்."